பேட்டரியைக் குற்றம் சொல்லுமுன்

சென்ற மாதம் என் லேப்டாப் திரையில் ஒரு வாசகம் வந்து நின்றது: "மின் இணைப்பு உள்ளது, சார்ஜ் ஆகவில்லை." கடைக்காரர் பார்த்துவிட்டு, "பேட்டரி போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார். பென்ஷன் பணத்தில் புதிது வாங்கிப் போட்டேன். மறுநாளும் அதே வாசகம்! திரைக்கு இந்தச் சேதியை யார்தான் சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

கதை பிரான்சில் தொடங்குகிறது. நம் பிள்ளைகள் 'கூலூம்' என்று படிப்பவரை நாங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் 'கூலோன்' என்று படித்தோம். மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையை 1785இல் அளந்து காட்டியவர். 1881இல் பாரீசில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு மின்னூட்டத்தின் அலகுக்கு அவர் பெயரை வைத்தது. ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு நொடி ஓடினால் ஒரு கூலோன்.

லேப்டாப் பேட்டரிக்குள் உள்ள சிறு சில்லு எண்ணுவது இதைத்தான். உள்ளே வந்தது வரவு, வெளியே போனது செலவு. மேலே 4,400 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் 15,840 கூலோன் என்று அர்த்தம். எண்ணிக்கையில் சிறுசிறு பிசகுகள் சேரும், பேட்டரியும் கிழடாகும். 30 சதவீதம் காட்டும்போதே சில லேப்டாப்கள் அணைவதற்கு இது ஒரு காரணம். ஒரு தடவை முழுக்க ஏற்றி முழுக்க இறக்கினால் பேரேடு ஓரளவு நேராகும்.

பேரேட்டை மேலே அனுப்ப வழி வேண்டுமே! 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் ஏபிஎம் என்ற முறையைக் கொண்டுவந்தன. அதில் அதிகாரம் பெரும்பாலும் பயாஸின் கையில். அடாப்டர் உண்டா என்று கேட்டால் பயாஸ் எண்ணால் பதில் சொல்லும்: இல்லை என்றால் 0, உண்டு என்றால் 1, தெரியாது என்றால் 255. தெரியாததைத் தெரியாது என்று எழுத ஓர் எண் ஒதுக்கியிருந்தது எனக்குப் பிடித்தது.

1996 டிசம்பரில் தோஷிபாவும் சேர்ந்து ஏசிபிஐ வந்தது. அதிகாரம் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறியது. இன்றும் பெரும்பாலான விண்டோஸ், லினக்ஸ் லேப்டாப்களில் இதுதான் வழி. பேட்டரிச் சில்லு சொல்வதை மதர்போர்டில் உள்ள கன்ட்ரோலர் வாங்குகிறது. தயாரிப்பாளர் எழுதிவைத்த ஏசிபிஐ அட்டவணையின் வழியாக டிரைவர் அதைக் கேட்டு வாங்கித் திரைக்குக் கொடுக்கிறது. நாலு மேசை தாண்டி வரும் கோப்பு! எந்த மேசையில் பிசகினாலும் திரையில் பழி விழுவது பேட்டரி மேல்.

சில அடாப்டர்களின் முனைக்குள் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று உண்டு. 'நான் இத்தனை வாட்' என்று அடாப்டர் சொல்வது அதன் வழியாக. அந்தச் சேதி போகாவிட்டால் லேப்டாப் ஓடும், ஆனால் சார்ஜ் ஏற்ற மறுக்கும். என் கதை அதுதான். அடுத்த வீட்டுக் கல்லூரிப் பெண் தன் அடாப்டரைச் செருகினாள், உடனே ஏறியது. என் அடாப்டரின் ஒயர் முனையருகே உள்ளே அறுந்திருந்தது. பழைய பேட்டரியைத் திரும்பப் போட்டோம். அதுவும் ஏறியது!

ஆகவே முதலில் வேறொரு அடாப்டர், அதே வாட் உள்ளதாக. அடுத்து, லேப்டாப்பை அணைத்து, அடாப்டரையும், கழற்றக்கூடியதானால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சற்று நேரம் அழுத்துங்கள். பல லேப்டாப்களில் கன்ட்ரோலர் புதிதாகத் தொடங்கும். பிறகு டிரைவர். கடைசியில்தான் பேட்டரி.

வேலையில் சேர்ந்த புதிதில், கிடங்குக்குப் போய் எண்ணிப் பார்க்காமல், பதிவேட்டை மட்டும் நம்பி 'இருப்புக் குறைவு' என்று குறிப்பெழுதினேன். கிடங்குக்காரருக்கு மெமோ போனது. பிறகுதான் தெரிந்தது, கூட்டலில் தவறு. மெமோ திரும்பப் பெறப்பட்டது. அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு அப்போது மனம் வரவில்லை. இப்போது அவர் இல்லை.

இந்தக் கட்டுரையைப் பழைய பேட்டரியில்தான் அடித்து முடித்தேன்.