தென்கிழக்கு பார்த்த ஆண்டெனாக்கள்

1980களின் தொடக்கத்தில் தூத்துக்குடியிலோ ராமநாதபுரத்திலோ ஒரு வீட்டில் டிவி வாங்கினால், அந்த வீட்டு மாடியில் ஏறும் ஆண்டெனா பெரும்பாலும் சென்னைப் பக்கம் திரும்பியிருக்காது. கடலைப் பார்த்து, தென்கிழக்கே நிற்கும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றே ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. ஆனாலும் தென் மாவட்டக் கரையோரத்தில் பலர் வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தது இலங்கையின் ரூபவாஹினிதான். சிங்களச் செய்தி, தமிழ்ச் செய்தி, ஆங்கிலப் படம் எல்லாம் வந்தன. மாநிலத் தலைநகரின் படம் எட்டாத ஊருக்கு அடுத்த நாட்டின் படம் எப்படி எட்டியது? அன்று தெருமுனையில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. இதற்கான விடையில் பூமியின் வளைவும், ஒரு மலையின் உயரமும், கடல்மேல் தங்கும் காற்றின் வெப்பமும் இருக்கின்றன.

வானொலியின் சிற்றலை வானத்தில் மோதித் திரும்பி உலகைச் சுற்றிவரும். கொழும்பில் வாசித்த செய்தியைக் கோயம்புத்தூரில் கேட்க முடிந்தது அப்படித்தான். தொலைக்காட்சியின் அலைக்கு அந்த வசதி இல்லை. அதன் அதிர்வெண் அதிகம். மேலே போனால் வளிமண்டலத்தின் மின்னடுக்கைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும், திரும்பாது. ஆகவே கோபுரத்தின் உச்சியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தொடுவானம் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் எல்லை. காற்று அலையைச் சற்றே வளைப்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

கணக்கு எளிது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். 100 மீட்டர் கோபுரத்துக்கு 41 கிலோமீட்டர். பார்ப்பவர் தன் ஆண்டெனாவை 10 மீட்டர் உயரத்தில் கட்டினால் இன்னொரு 13 கிலோமீட்டர் சேரும். சமவெளியில் நிற்கும் சென்னையின் அலை செங்கல்பட்டு, காஞ்சிபுரம் தாண்டும்போது நலிந்துபோனதற்குக் காரணம் இதுதான். எத்தனை கிலோவாட் சக்தி கொடுத்தாலும் பூமியின் முதுகைத் தாண்டுவது கடினம். இதே கணக்குப்படி, பத்து மீட்டர் குழாயை இருபது மீட்டராக்கினாலும் ஐந்து கிலோமீட்டர்தான் கூடும். கூடுதல் குழாய்க்குச் செலவு செய்துவிட்டுச் சோர்ந்துபோன வீடுகள் உண்டு.

ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. ஜப்பான் அரசின் உதவியில் எழுந்த நிலையம் அது. நிகழ்ச்சிகள் கொழும்பில் தயாராயின. ஆனால் அவற்றை வானில் ஏற்றிய முதன்மை ஒளிபரப்பி இருந்த இடம் பிதுருதலாகல, 2,524 மீட்டர் உயரமுள்ள இலங்கையின் மிக உயர்ந்த சிகரம். மேலே சொன்ன கணக்கை இதற்குப் போட்டால் 207 கிலோமீட்டர் வரும். வடக்கே கொக்காவிலில் இருந்த நிலையம் 1990இல் போரில் அழியும்வரை அலையை அஞ்சல் செய்தது. இரண்டு நாடுகளும் பால் (PAL) என்ற ஒரே வகை ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியதால், சென்னையில் தயாரான டயனோரா, சாலிடேர் பெட்டிகள் எந்த மாற்றமும் இல்லாமல் இலங்கைப் படத்தையும் காட்டின.

பிதுருதலாகலவிலிருந்து தூத்துக்குடி சுமார் 350 கிலோமீட்டர். மலையின் உயரத்தையும் மாடியின் உயரத்தையும் கூட்டினாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி மிஞ்சுகிறது. அந்த இடைவெளியைக் கடக்க உதவியது மன்னார் வளைகுடா. பகலில் சூடேறிய தரைக்காற்று மாலையில் கடலுக்கு மேலே பரவும்போது, அதன் அடியில் குளிர்ந்த, ஈரமான காற்று ஒரு படலமாகத் தங்கிவிடுகிறது. மேலே வெப்பமும் வறட்சியும், கீழே குளிர்ச்சியும் ஈரமும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அலை கீழ்நோக்கி வளைகிறது. கடல்மட்டத்துக்கும் அந்த எல்லைக்கும் நடுவே சிக்கிய அலை, பூமியின் வளைவோடு சேர்ந்து வளைந்தே வெகுதூரம் போகிறது. கோடை மாலைகளில், காற்றடங்கிய நேரத்தில் படம் கண்ணாடிபோல் தெளிந்ததும், பலத்த காற்று வீசியதும் படம் புள்ளி புள்ளியாகச் சிதறியதும் இதனால்தான். காற்று அந்தப் படலங்களைக் கலக்கிவிடும். இன்றைக்குப் படம் வருமா என்பதைக் கடலின் அமைதியை வைத்தே சொல்லிவிடலாம். வானிலையை நம்பிக் கடலுக்குப் போகும் ஊர்களுக்கு அது ஒன்றும் அன்னியமான பாடம் இல்லை.

மாடியில் நின்ற கருவிக்கும் ஜப்பான்தான் தாய்வீடு. மீன்முள்ளைப் போல நடுவில் ஒரு தண்டும் குறுக்கே அலுமினியக் குழாய்களுமாக இருக்கும் அந்த ஆண்டெனாவை 1926இல் செண்டாய் நகரின் பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடா உருவாக்கினார். அவருடைய பேராசிரியர் ஹிடெட்சுகு யாகி 1928இல் அதை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட, உலகம் அதற்கு யாகி ஆண்டெனா என்றே பெயர் வைத்தது. உழைத்த உடாவின் பெயர் பின்னால் போய்விட்டது வருத்தம்தான். சொந்த நாட்டிலும் அந்தக் கண்டுபிடிப்பை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படைக்கு ஆங்கிலேயரின் ரேடார் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. அதில் திரும்பத் திரும்ப வந்த ‘யாகி’ என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமல் கைதியிடம் கேட்டார்கள். அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்று அவர் சொல்லித்தான் அவர்களுக்கே தெரிந்தது.

அந்தக் குழாய்கள் எல்லாவற்றிலும் கம்பி இணைத்திருக்காது. மடித்த வளையமாக இருக்கும் ஒன்றிலிருந்து மட்டுமே தட்டையான இரட்டைக் கம்பி கீழே இறங்கும். அப்படியானால் மற்றவை எதற்கு? அவையும் அலையை வாங்கித் திருப்பி வீசுகின்றன. வளையத்துக்குப் பின்னால் இருப்பது சற்று நீளம். அது பின்பக்க அலையைத் தடுத்து, முன்பக்கம் வந்ததை வளையத்தை நோக்கித் திருப்பும். முன்னால் இருப்பவை சற்றுக் குட்டை. அவை அலையை வளையத்துக்கு வழிநடத்தும். குழாய் எத்தனை நீளம் என்பதை அலையின் நீளமே முடிவு செய்கிறது. ஐந்து மீட்டர் நீள அலைக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் குழாய் வேண்டும். ஒன்றரை மீட்டர் அலைக்கு முக்கால் மீட்டர் போதும். அளவறிந்து குழாய் வெட்டி, துளைபோட்டு, திசை பார்த்துக் கட்டித்தரும் ஆட்கள் ஊருக்கு ஊர் உருவானார்கள். பலர் ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கையில் சூத்திரம் இல்லை, அளவுகோலும் அனுபவமும் இருந்தன. தமிழ்நாட்டின் மின்னணுக் கல்வி வரலாற்றை எழுதினால் இவர்களுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

திசை பிடிப்பது குடும்பமே சேர்ந்து செய்த வேலை. மாடியில் ஒருவர், ஜன்னலில் ஒருவர், டிவி முன்னால் ஒருவர். “வருதா?” “இல்லை, இன்னும் கொஞ்சம் திருப்பு.” “இப்போ?” “வந்துச்சு, வந்துச்சு… ஐயோ, போச்சு!” திருப்பியவர் கையை எடுத்ததும் படம் போய்விடும். அவர் உடம்பே அலையின் பாதையில் ஒரு பொருளாக இருந்து, ஆண்டெனாவின் இயல்பை மாற்றிக்கொண்டிருந்தது என்பதே காரணம். கனமான காக்கை வந்து உட்கார்ந்து குழாய் சாய்ந்தாலும் இதே கதை.

நகரத்துக்காரர்களுக்கு வேறு தொல்லை. திரையில் ஒவ்வோர் ஆளுக்கும் வலப்பக்கம் மங்கலாக ஒரு நிழலாள் நிற்பார். நேரே வந்த அலையோடு, பெரிய கட்டடத்தில் மோதிச் சுற்றிவந்த அலையும் சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால் வரும் இரண்டாம் படம் அது. அந்த நிழலை வைத்து நிலம் அளக்கலாம் என்றால் நம்ப முடிகிறதா? திரையில் ஒரு கோட்டின் கண்ணுக்குத் தெரியும் பகுதியை வரைய ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 52 பங்கு. நாற்பது சென்டிமீட்டர் அகலத் திரையில் நிழல் ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், இரண்டாவது அலை சுமார் 400 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருக்கிறது என்று பொருள்.

ஆக, படம் என்பது கோடுகளின் அடுக்கு. நம் பழைய பெட்டியில் ஒரு முழுப் படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். பிக்சர் டியூபின் கழுத்தில் இருக்கும் துப்பாக்கி எலக்ட்ரான்களை வீச, சுற்றியிருக்கும் கம்பிச்சுருளின் காந்தம் அவற்றை இடமிருந்து வலமாக இழுக்க, பாஸ்பர் பூசிய கண்ணாடியில் ஓர் ஒளிப்புள்ளி ஓடுகிறது. அதன் வேகம் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல். தாழ்ந்த பாதையில் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளின் வேகமும் ஏறக்குறைய அதுவே. மரப்பெட்டிக்குள், ஷட்டர் கதவுக்குப் பின்னால் இத்தனை வேகம் அடைந்துகிடந்தது. முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், பிறகு இரட்டைப்படைக் கோடுகள் என்று நொடிக்கு ஐம்பது முறை வரைந்ததால் கண் சிமிட்டலை உணரவில்லை. நம் மின்சாரமும் நொடிக்கு ஐம்பது சுழற்சி. இரண்டையும் ஒத்துப்போகச் செய்ததால் மின்சாரத்தின் அலைவு படத்தில் பட்டையாக ஓடித் தொந்தரவு செய்யவில்லை. அறுபது சுழற்சி மின்சாரம் உள்ள அமெரிக்காவில் அதனால்தான் அறுபது.

625ஐ 25ஆல் பெருக்கினால் 15,625. சிறுவர்கள் அடுத்த அறையில் இருந்தபடியே “டிவி ஓடுது” என்று கண்டுபிடித்தார்களே, அது இந்த எண்ணின் வேலை. கோடுகளை இழுக்கும் மின்மாற்றி அதே அதிர்வெண்ணில் மெல்லக் கீச்சிடும். இளங்காது பிடித்துக்கொள்ளும், வயதாக ஆகக் கேட்காமல் போய்விடும். பெட்டியை அணைத்ததும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கி நின்றதற்கும் விளக்கம் உண்டு. கோடிழுக்கும் காந்தம் உடனே நின்றுவிடும். ஆனால் துப்பாக்கியின் சூடும், டியூபில் தேங்கிய ஆயிரக்கணக்கான வோல்ட்டும் அடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கடைசி எலக்ட்ரான்கள் விலகாமல் நேரே மையத்தில் விழும்.

நிலையம் எதுவும் வராத நேரத்தில் கொதிக்கும் வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் பெட்டியின் சொந்த மின்னணுச் சலசலப்பும், அக்கம்பக்கத்து மோட்டார் வீசும் இரைச்சலுமே. அவற்றில் மிகச் சிறு பங்கு பிரபஞ்சம் பிறந்த காலத்திலிருந்து பரவிவரும் நுண்ணலை. அந்த அலையைக் கண்டறிந்த பென்சியாசுக்கும் வில்சனுக்கும் 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

1982 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் வண்ணம் வந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் ஒரே நாளில் குப்பையாகவில்லை. வெளிச்சத் தகவலை அப்படியே விட்டு, நிறத் தகவலை அதன் இடுக்குகளில் தனியே செருகி அனுப்பியதால், பழைய பெட்டி தனக்குத் தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டது. வாங்க வசதி இல்லாதவர்கள் திரைக்கு முன்னால் வண்ணத் தாள் மாட்டி மகிழ்ந்தார்கள்.

தென் தமிழ்நாட்டின் நிலை மாறத் தொடங்கியது 1983 ஆகஸ்ட் 30 அன்று விண்ணேறிய இன்சாட் 1பி செயற்கைக்கோளுக்குப் பிறகு. டெல்லியின் நிகழ்ச்சியை அது கீழே இறக்க, ஊருக்கு ஊர் 100 வாட் சிறு ஒளிபரப்பிகள் அதை வாங்கிப் பரப்பின. 1984இல் நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் அவற்றை நிறுவிய மாதங்கள் உண்டு. ஆனால் தெற்கை உண்மையில் தமிழ் நிகழ்ச்சிகளோடு இணைத்தது கொடைக்கானல் உயர்சக்தி ஒளிபரப்பி. இலங்கை பிதுருதலாகலவில் செய்ததை இந்தியா பழனி மலையில் செய்தது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் 190 கிலோமீட்டர். மதுரை, திருச்சி, தூத்துக்குடி மூன்றும் அதற்குள் அடக்கம். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க ஆண்டெனாக்கள் கடலை விட்டு மலைப்பக்கம் திரும்பின. சிலர் ஒரே குழாயில் இரண்டைக் கட்டி, இரண்டு நாட்டையும் வைத்துக்கொண்டார்கள். மலை இல்லாத ராமேஸ்வரத்தில் பின்னாளில் 323 மீட்டர் உயரத்துக்குக் கோபுரமே எழுப்ப வேண்டியிருந்தது.

1990களில் கேபிள் வந்ததும் மாடிக் குழாய்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அடுத்து வந்த டிஷ், 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேரே வாங்குவதால் அதற்குத் தொடுவானத் தொல்லை கிடையாது. மழைத் தொல்லை உண்டு. பழைய அலை மீட்டர் கணக்கில் நீளமானது. சில மில்லிமீட்டர் மழைத்துளி அதை ஒன்றும் செய்யாது. டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். அடைமழையின் துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. அப்போது புள்ளியோடு மங்கலாகவாவது படம் வராதா என்றால் வராது. எண்முறையில் வரும் தகவலில் பிழைகள் ஓர் அளவு வரை இருந்தால் பெட்டியே திருத்திக்கொள்ளும். அளவு மீறினால் படம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றுவிடும்.