எலும்பில் பதிந்த கத்தித் தடம்

வடமதுரைப் பக்கம் படிப்பு வட்டம் நடத்தும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கீழடியில் மாட்டெலும்பு கிடைத்ததே, அன்றைக்கு எல்லாரும் மாட்டுக்கறி சாப்பிட்டார்கள் என்று போஸ்டர் அடிக்கலாமா?"

அடிக்க வேண்டாம், தோழர்களே.

கீழடியின் எலும்புத் துண்டுகள் 70 புனே டெக்கான் கல்லூரிக்குப் போயின. காளை, பசு, எருமை, ஆடு, கலைமான், மயில் என்று அடையாளம் கண்டார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019 அறிக்கைப்படி பாதிக்கு மேல் மாடு, எருமை, ஆடு. ஆனால் வெட்டுத் தடம் இருந்ததாக அது சொல்வது கலைமான், வெள்ளாடு, காட்டுப்பன்றி எலும்புகளில். மாடுகள் உழவுக்கு என்றே அறிக்கை கருதுகிறது. நமக்குப் பிடித்த பதிலை எலும்பின் வாயில் திணித்தால், நாளைக்கு எதிராளி அதே அறிக்கையைக் காட்டி நம் வாயை அடைப்பான்.

எலும்பு பேசும் விதமே வேறு. மூட்டில் கீறல் என்றால் உடலைத் துண்டு போட்டிருக்கிறார்கள். குளம்புக்கு மேலும் மண்டையிலும் மெல்லிய கீறல் என்றால் தோல் உரித்திருக்கிறார்கள். நீள எலும்பை உடைத்திருந்தால் மஜ்ஜைக்காக இருக்கலாம். பல் தேய்மானம் வயதைச் சொல்லும். ஏர் இழுத்த மாட்டின் கால் எலும்பு தடித்துப்போயிருக்கும். நம் ஊர் கறிக்கடை அண்ணனுக்கு இதில் பாதி பாடம் தேவையில்லை.

மாட்டெலும்பைத் தேடுகிறவர்கள் கீழடியை விட்டு, அதற்கும் வெகு முந்தைய காலத்துக்கு, கர்நாடகத்தின் புதிஹாலுக்குப் போக வேண்டும். சுமார் 4000 ஆண்டுகளுக்கு முந்தைய புதிய கற்காலக் குடியிருப்பு. எரிந்த சாணம் மேடாகக் குவிந்த இடம். டெக்கான் கல்லூரியின் கே. பத்தய்யா அங்கே தோண்டியபோது அறுப்புக்களம் ஒன்று வெளிப்பட்டது. கல் கருவிகளும் எலும்புகளும் அங்கேயே கிடந்தன, பெரும்பாலும் மாட்டெலும்பு. வீடு, மாட்டுப்பட்டி, சாம்பல் மேடு, அறுப்புக்களம் எல்லாம் ஒரே இடத்தில். 'ஊர்' ஒரு பக்கம், 'சேரி' ஒரு பக்கம் என்று பழகிய நம் கண்ணுக்கு இதுதான் பெரிய செய்தி. அறுக்கும் இடத்தை அவர்கள் எல்லைக்கு வெளியே தள்ளவில்லை.

மாட்டிறைச்சிதான் தீண்டாமையின் வேர், அது பிறந்தது கி.பி. 400 வாக்கில் என்று 1948-இல் வெளியான நூலில் அம்பேத்கர் வாதிட்டார். அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் ஏடுகள். உட்னூர் சாம்பல் மேட்டை ஆல்சின் தோண்டியதே 1957-இல், பாபாசாகேப் மறைந்த மறு வருடம். புதிஹால் அவரது கணிப்பை நிரூபித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நடுவில் 2000 ஆண்டுக்கும் மேல் இடைவெளி. மாட்டை அறுப்பதும் உரிப்பதும் எப்போதுமே ஒதுக்கப்பட்ட ஒரு பிறப்பின் வேலையாகத்தான் இருந்தது என்ற கதைக்கு மட்டும் அங்கே இடமில்லை.

2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டைத் தோல் உரித்த நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். திண்டுக்கல் தோல் ஷாப்புகளை அறிந்த நமக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. எந்த மூட்டில் கத்தி இறங்கும், தோல் கிழியாமல் எங்கே இழுக்க வேண்டும் என்பது கைக்குக் கை வந்த அறிவு. கூலி வாங்க அந்த அறிவு வேண்டும்; வாசற்படி ஏற மட்டும் ஆகாது.

கீழடி அறிக்கை தமிழிலேயே இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எலும்பைப் பற்றிய பகுதியை ஒருவர் உரக்கப் படியுங்கள். போஸ்டர் வாசகத்தை அதற்குப் பிறகு எழுதலாம்.