ஓலையில் எழுதப்படாத பெயர்கள்: அறிவியல் ஆராய்ச்சி நிதியின் வரலாறும் நாமும்



அறிவியல் ஆராய்ச்சிக்கு ஒரு நாடு எப்படிப் பணம் ஒதுக்குகிறது என்பதை உத்திரமேரூரில் பேச வேண்டிய அவசியம் என்ன? இது தில்லியிலோ ஐஐடி வளாகத்திலோ பேச வேண்டிய விஷயம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பொது நிதியை யார் நிர்வகிக்கலாம், யார் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. ஆகவே இங்கே பேசுவதுதான் பொருத்தம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், பொது ஆண்டு 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பாராளுமன்றம் வரைக்கும் அதன் புகழ் போயிருக்கிறது. முப்பது குடும்புகள், குடத்தில் ஓலை, சிறுவன் கையால் எடுப்பது, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. தகுதிப் பகுதியை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் இருந்தாலும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் சொல்லத் தெரிந்தால் போதும். தாழ்ந்தோருடன் பழகிச் சாதி விலக்கானவன் பெயர் ஓலையில் ஏறக்கூடாது. இது ஒரு சதுர்வேதிமங்கலம். அதன் பிராமண சபை தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதியை ஊர் மக்கள் அனைவரின் ஜனநாயகம் என்று சொல்வது வரலாறு ஆகாது.

ஏரி வாரியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்த ஊரின் பெரிய ஏரிக்கு வயிரமேகத் தடாகம் என்று பெயர். அதில் தூர் எடுப்பதற்கென்றே அறக்கட்டளைகள் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தின் உயர்ந்த தொழில்நுட்பம் ஏரிதான். அதைப் பராமரிக்கும் நிதிதான் அந்தக் காலத்தின் தொழில்நுட்ப நிதி. மடை எப்போது திறக்கணும், எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகை தண்ணீர், கரையில் கசிவு எங்கே என்பதெல்லாம் நம் பாட்டன்மார் காலம் வரை நீர்க்கட்டிகளுக்குத்தான் தெரியும். அவர்கள் பெரும்பாலும் நம் சேரியைச் சேர்ந்தவர்கள். அறிவு ஒரு பக்கம் இருந்தது. அந்த அறிவின் மேல் முடிவெடுக்கும் உரிமை வேறு பக்கம் இருந்தது. ஆராய்ச்சி நிதி வரலாறு முழுக்க நான் பார்ப்பது இந்தப் பிரிவினையைத்தான்.

சொந்த மனை என்ற நிபந்தனை ஆயிரம் வருடம் கழித்தும் நம்மை விடவில்லை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கையில், பறையர்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதார்களின் பிடியில் இருக்கிறது, கூலி கேட்டால் குடிசையிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள் என்கிற நிலைமை பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. இதே ஜில்லாவில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ஒரு மனுவுக்கு 3,412 பேரின் கையெழுத்தைத் திரட்டினார். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அது நியாயமான தேசியக் கோரிக்கை என்றுதான் இன்றைக்கும் பாடநூல் சொல்கிறது. அப்படித் தேர்வு வைத்தால் யார் கையில் அதிகாரம் போகும் என்று சீனிவாசன் கேட்டார். அவரை அன்று தேசவிரோதி மாதிரிப் பார்த்தார்கள். எந்தத் தேசியத் திட்டம் வந்தாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி அவர் கேட்ட அந்தக் கேள்விதான்.

சென்னை மாகாணத்தில் அரசுப் பணத்தில் நடந்த தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு ஒரு பழைய உதாரணம் தோல். 1903-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை ஓவியக் கலைப் பள்ளியில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். அதுவரை நம் பகுதியில் ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிடுவதுதான் வழக்கம். குரோம் தோல் தண்ணீரில் சீக்கிரம் அழுகாது. கவலை இறைக்கும் சாலுக்கு அந்தத் தோல் நன்றாக உழைத்தது. கிணற்றுப் பாசனமும் தோலும் சந்தித்த இடம் அது. அந்தச் சாலைத் தைத்தவர் யார், தோல் குழியில் இறங்கியவர் யார் என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள், அரசு பணம் போட்டுத் தொழில் நடத்தினால் எங்கள் கதி என்ன என்று கூச்சல் போட்டார்கள். 1910-ல் இந்திய மந்திரி மார்லி பிரபு, அரசுப் பணம் கற்றுக்கொடுக்க மட்டுமே, தொழில் நடத்த அல்ல என்று உத்தரவு போட்டார். தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. தனியார் குரோம் தொழிற்சாலை பல்லாவரத்துப் பக்கம் வளர்ந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். தினமும் மின்சார ரயிலில் அந்த ஸ்டேஷனைக் கடக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சாட்டர்டன் நல்ல பொறியாளர். அவர் ஆய்வைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சண்டை முழுக்க அரசா, வணிகரா என்ற இரண்டு தரப்புக்கு நடுவில்தான் நடந்தது. குழியில் நின்றவன் அதில் ஒரு தரப்பாகவே இல்லை. 1948-ல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியபோதும், நம் மக்களின் கைத்திறன் ஆய்வுப் பொருளாக உள்ளே போனது. நம் மக்கள் எத்தனை பேர் ஆய்வாளராகப் போனார்கள் என்பது அந்த நிறுவனத்தின் பெருமைப் பட்டியலில் வராத கணக்கு. பின்னாளில் அதை நடத்திய நாயுடம்மா ஆய்வகத்தைத் தொழிற்கூடத்தின் வாசல் வரைக்கும் கொண்டுவர முயன்றவர். அதை மறுப்பதற்கில்லை.

இனி 1941-க்கும் 1944-க்கும் நடுவே உள்ள மூன்று வருடத்துக்கு வருகிறேன். நான் இன்று பேச விரும்பியது உண்மையில் இதைத்தான்.

1941 நவம்பரில் மத்திய சட்டசபையில் ஆற்காடு இராமசாமி முதலியார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தொழில் ஆராய்ச்சிக்கென்று ஒரு நிதி, ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு. அதை நிர்வகிக்க 1942 செப்டம்பர் 26-ல் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம், இன்று நாம் சிஎஸ்ஐஆர் என்று சொல்வது, உருவானது. சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அதன் தலைமை விஞ்ஞானி. இந்தியாவின் ஆராய்ச்சி நிதிக் கொள்கை இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று எல்லா அறிவியல் வரலாற்று நூல்களிலும் இருக்கும்.

அதற்கு ஒரே மாதம் கழித்து, 1942 அக்டோபர் 29-ல், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகள் குறித்து ஒரு நீண்ட மனுவை லின்லித்கோ பிரபுவிடம் கொடுத்தார். அதில் கல்விப் பகுதியை எடுத்துப் படியுங்கள். கலைப்படிப்பும் சட்டப்படிப்பும் நம் மக்களுக்குப் பெரிதாகப் பயன்தராது. உயர்நிலை அறிவியல், தொழில்நுட்பக் கல்விதான் வேண்டும். அதற்கு ஆகும் செலவு நம்மால் முடியாது என்று வாதாடுகிறார். இந்தியாவில் அறிவியல் படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்கு ஆண்டுக்கு 2 லட்சம், வெளிநாட்டில் படிக்க ஆண்டுக்கு 1 லட்சம் என்று கணக்கோடு கேட்கிறார். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் தலா 3 லட்சம் கொடுக்கிறீர்களே, எங்களுக்கு என்ன என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. 1944-ல் அந்த 3 லட்சம் கிடைத்தது. இன்று போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என்று நீங்கள் வாங்குவதன் வேர் அது.

உதவித்தொகை என்றாலே ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கும் இரக்கக் காசு என்று நம்மையே நம்ப வைத்திருக்கிறார்கள். அது பிறந்தபோது அறிவியல் கொள்கையின் ஒரு பகுதியாகப் பிறந்தது. ஆய்வகத்துக்கு 10 லட்சம், அந்த ஆய்வகத்துக்குள் நம் பிள்ளை நுழைய 3 லட்சம். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு தேசிய ஆராய்ச்சிக் கொள்கை. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த இரண்டு வாய்க்காலும் வேறு வேறு அமைச்சகத்துக்குப் பாய்ந்தன. ஒன்றுக்கு அறிவியல் என்று பெயர், மற்றொன்றுக்கு நலத்துறை என்று பெயர். 1958 மார்ச் 4-ல் நேரு அரசு வெளியிட்ட அறிவியல் கொள்கைத் தீர்மானம் அழகான ஆவணம். அதில் சாதி என்ற தடையைப் பற்றிய பேச்சு இல்லை.

பணம் எங்கே குவிய வேண்டும் என்பதிலும் அன்றே சண்டை இருந்தது. மேகநாத் சாஹா, மாணவனாக இருந்தபோது கல்கத்தா விடுதியில் சாதியால் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டவர், அணுசக்தி ஆராய்ச்சி சில தனி நிறுவனங்களுக்குள் அடைபடுவதை எதிர்த்தார்; பல்கலைக்கழகங்களில்தான் அடித்தளம் போட வேண்டும் என்றார். 1952-ல் சுயேச்சையாக வென்று மக்களவையிலும் பேசினார். ஹோமி பாபாவின் வழிதான் வென்றது. பணம் அணுசக்தி, பாதுகாப்பு, விண்வெளி, சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களுக்குப் போனது. பல்கலைக்கழகம் வற்றிய கடைமடையாயிற்று. 2020-21-ல் நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவில் உயர்கல்வித் துறையின் பங்கு 8.8 சதவீதம்தான். முதல் தலைமுறை மாணவர்கள் படிப்பது அரசுக் கல்லூரியிலும் மாநிலப் பல்கலைக்கழகத்திலும். கடைமடையில் யாருடைய கழனி இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

நமக்குப் பக்கத்திலேயே கல்பாக்கம் இருக்கிறது. 1971-ல் அங்கே உலை ஆராய்ச்சி மையம் வந்தது. 1985-ல் இந்திரா காந்தி பெயர் வைத்தார்கள். பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் மிகப் பெரிய அறிவியல் முதலீடு அதுதான். 1975-ல் மத்திய அரசு ஒரு ஆணையில், ஆராய்ச்சி நடத்தும், வழிநடத்தும் அறிவியல் பதவிகளை, முதல்நிலை அதிகாரிகளின் கடைசிப் படிக்கு மேல் இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கி வைக்க வழி செய்தது. 2019-ல் மத்தியக் கல்வி நிறுவன ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. நாம் போராடிப் பெற்ற சட்டம் அது. அதன் அட்டவணையைப் புரட்டினால் எட்டு நிறுவனங்களுக்கு விலக்கு. ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு அமைப்புகளும் முதல் பெயர். கல்பாக்கம் மையம் அந்த உறுப்புகளில் ஒன்று. தகுதி, தேச முக்கியத்துவம் என்று காரணம் சொல்வார்கள். சொந்த நிலத்துக்கும் வேதத்துக்கும் பதிலாக இப்போது இந்தச் சொற்கள்.

விளைவைக் கணக்கில் பார்க்கலாம். இளம் விஞ்ஞானிகளுக்கான இன்ஸ்பயர் ஆசிரியர் நிதியில் 2016-க்கும் 2020-க்கும் இடையில் தேர்வானவர்களில் 80 சதவீதம் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினர் 6 சதவீதம். பழங்குடியினர் ஒரு சதவீதம்கூட இல்லை. நேச்சர் இதழ் 2023-ல் வெளியிட்ட கணக்கு இது. 1979-80-ல் தொடங்கிய சிறப்புக் கூறு திட்டப்படி எல்லாத் துறைகளும் நம் மக்கள்தொகை விகிதத்தில் நிதி ஒதுக்க வேண்டும். அறிவியல் துறைகள் பல அன்றிலிருந்து சொல்லும் பதில், எங்கள் செலவின் பலன் எல்லோருக்கும் பொது, அதைப் பிரிக்க முடியாது என்பது. பலனைப் பிரிக்க முடியாதாம். பதவியையும் ஆராய்ச்சி நிதியையும் மட்டும் எப்படித்தான் இவ்வளவு நேர்த்தியாகப் பிரிக்கிறார்களோ!

இப்போதைய நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குச் செலவாகிறது. 2 சதவீதம் ஆக்குவோம் என்று 2003 கொள்கையும் சொன்னது, 2013 கொள்கையும் சொன்னது. தென்கொரியா 4 சதவீதத்தைத் தாண்டி எத்தனையோ வருடமாயிற்று. முற்போக்கு அறிவியல் அமைப்புகள் இந்த ஒதுக்கீட்டை உயர்த்தக் கேட்டு ஊர்வலம் போகின்றன. நாமும் போக வேண்டும். ஆனால் சதவீதத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தால், ஏரிக்குத் தண்ணீர் வரும், மடை யார் கையில் என்பது மாறாது.

2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறியது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி அரசு அல்லாத வழிகளில் வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆட்சிக் குழுவின் தலைவர் பிரதமர். தொழில் நிறுவனங்களின் பிரதிநிதிகளுக்கு அந்தக் குழுவில் இடம் வைத்திருக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இத்தனை இடம் என்று ஒரு வரி இல்லை. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை இன்னொரு ஒரு லட்சம் கோடி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அது பெரும்பாலும் தனியார் துறைக்கு நீண்டகாலக் குறைந்த வட்டிக் கடன். 1910-ல் மார்லி பிரபு தடுத்ததற்கு நேர் எதிராக அரசு இன்று தனியாருக்கே ஆராய்ச்சிப் பணம் கொடுக்கிறது. தனியார் நிறுவனத்தில் இடஒதுக்கீடு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அதே 2023 சட்டத்தில் நமக்குப் பிடிமானமான ஒரு வாசகமும் உண்டு. ஆராய்ச்சி இன்னும் தொடக்க நிலையில் உள்ள பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் அதை வளர்ப்பது அறக்கட்டளையின் கடமை என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்ட அரசுக் கல்லூரிகளுக்கு இதுவரை எத்தனை திட்டம், எத்தனை ரூபாய்? விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்கள் எத்தனை பேர்? நிதி பெற்ற ஆய்வாளர்களின் சமூகப் பிரிவு வாரியான கணக்கு என்ன?

பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் நான் மனமார ஏற்கும் விதி ஒன்று இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி ஓலையில் ஏறக்கூடாது. இந்த மூன்று கேள்விகளையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுப்பப் பத்து ரூபாய் கட்டணம்தான் ஆகும். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் ஆளுக்கு ஒரு நிறுவனமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் கல்பாக்கம், அடுத்து அடையாறு, அதற்கடுத்து தில்லி. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவை நாமே சேர்ந்து எழுதுவோம்.