ஜப்பான் பாஸ்போர்ட்டை விட்டுட்டு வந்த ஆட்டக்காரர்

எங்க மில்லர்புரத்துல பாஸ்போர்ட் எடுக்கிறதே கப்பலுக்குப் போகத்தான், இல்லேன்னா கல்ஃபுக்கு. வெளிய போகத்தான் பாஸ்போர்ட். இந்தப் பதிவு, உள்ளே வர்றதுக்காக ஜப்பான் பாஸ்போர்ட்டையே விட்டுக்கொடுத்த ஒருத்தரைப் பத்தி.

பேரு அராட்டா இசுமி. 1982-ல் ஜப்பானில் பிறந்தவர். அம்மா ஜப்பான்காரங்க, அப்பா குஜராத்தி வம்சாவளி. நீல்கண்ட் கம்போல்ஜான்னு இந்தியப் பேரும் உண்டு. சிங்கப்பூர் லீக்கில் ஆடிட்டு, 2006-ல் கொல்கத்தா ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். அடுத்து மும்பை மஹிந்திரா யுனைடெட். 2009-லிருந்து புனே எஃப்.சி. அங்கதான் மனுஷன் ரசிகர்களுக்குச் செல்லப்பிள்ளை ஆனார். 2012-13 ஐ-லீக்கில் புனே இரண்டாம் இடம்.

அப்பா வழியில இந்திய ரத்தம் இருக்கே, அப்படியே இந்தியாவுக்கு ஆடலாமேன்னு கேப்பீங்க. முடியாது. 2008-ல் மத்திய அரசு எடுத்த முடிவுப்படி, இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாத்தான் தேசிய அணி. நம்ம சட்டத்துல இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஜப்பான் சட்டமும் அதே ரகம். ஆக, ஒண்ணை வாங்கணும்னா இன்னொண்ணை விடணும். இவர் விட்டார். 2013 பிப்ரவரி 6, கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிரா இந்தியாவுக்காக முதல் ஆட்டம். 4-2-ன்னு நாம தோத்தோம் :-(

அப்போ அவருக்கு வயசு 30. அதுக்கப்புறம் இந்தியாவுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான். 2015-லிருந்து ஐ.எஸ்.எல்-லில் கொல்கத்தா, புனே, கேரளான்னு ஒரு ரவுண்டு வந்துட்டு, பிறகு பயிற்சியாளர் ஆகிட்டார்.

"இதுக்கா இவ்வளவு?"ன்னு கேக்குறவங்க உண்டு. குடியுரிமை மாறினதுல லீக்கில் வெளிநாட்டு வீரர் கோட்டா தொல்லை போச்சு, அது அவருக்கும் லாபம்தான், இல்லேங்கல. ஆனா அவர் விட்டுட்டு வந்தது 1998-லிருந்து ஒரு உலகக் கோப்பையையும் தவறவிடாத நாட்டை. வந்து சேர்ந்தது ஒரு தடவைகூட அங்க ஆடாத நாட்டுக்கு.

இதுல ஒரு வேடிக்கை. 1951 டில்லி ஆசிய விளையாட்டுல கால்பந்து தங்கம் நமக்கு, வெண்கலம்தான் ஜப்பானுக்கு! அவங்க 1993-ல் ஜெ-லீக் ஆரம்பிச்சு, ஊருக்கு ஊர் கிளப், கிளப்புக்கு கிளப் சின்னப்பசங்க அணின்னு கட்டி எழுப்பினாங்க. நாம பழைய மெடலைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம்.

2025-ல் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுட்டு இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினப்போ எல்லாரும் கைதட்டினாங்க. நானும்தான். ஆனா இசுமி வந்து 12 வருஷம் கழிச்சும், வெளிய இருந்து ஒருத்தர் வந்து காப்பாத்துவாரான்னுதானே பாத்துக்கிட்டு இருக்கோம்?

இசுமி எத்தனை கோல் போட்டார்னு எண்ணுறது அநியாயம். ஒரு மனுஷன் தன் நாட்டையே கொடுக்கலாம். பதினோரு பேரையும் அவரால கொடுக்க முடியாது மக்களே. அது தெருவுல பந்து உதைக்கிற பத்து வயசுப் பயலுவகிட்ட இருந்துதான் வரணும். அவனுக்கு ஒரு நல்ல கிரவுண்டும் ஒரு கோச்சும் கொடுக்க எந்தச் சட்டமும் குறுக்க நிக்கலையே?