டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்கு 40 வயதில் மறதியா? ‘அவன் எப்பவும் இப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்!

மார்ச் 21, உலக டவுன் சிண்ட்ரோம் நாள். செப்டம்பர் 21, உலக அல்சைமர் நாள். இந்த இரண்டையும் உடம்புக்குள்ளேயே இணைக்கிற இன்னொரு ‘21’ இருக்கிறது. அதுதான் 21-வது குரோமோசோம்.

காரைக்காலோ, சென்னையோ... டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் நம் வீட்டில் அண்ணனாகவோ, சித்தியாகவோ, தாய்மாமாவாகவோ இருந்தால், இந்தத் தொடர்பைத் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம்.

ஒரு குரோமோசோம் கூடினால் என்ன ஆகும்?

நம் செல்களில் ஒவ்வொரு குரோமோசோமும் ஜோடியாக இருக்கும். டவுன் சிண்ட்ரோமில் 21-வது மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று. இதை 1959-ல் பாரிஸிலிருந்து அறிவித்தவர்கள் ஜெரோம் லெஜன், மார்த் கோத்தியே உள்ளிட்ட பிரெஞ்சு மருத்துவர்கள்.

அந்த 21-வது குரோமோசோமில்தான் ஏ.பி.பி என்ற ஜீன் இருக்கிறது. இந்த ஜீன் உருவாக்கும் புரதம் உடையும்போது அமிலாய்டு என்ற துணுக்கு வருகிறது. அல்சைமர் வந்தவர்களின் மூளையில் கறையாகப் படிந்திருப்பது இதுதான். ஜீன் மூன்று இருந்தால் அமிலாய்டும் அதிகம் சுரக்கும், பிறந்ததிலிருந்தே!

‘இந்த ஒரு ஜீன்தான் காரணமா?’ என்று கேட்கலாம். இரண்டு ஆதாரங்கள் உண்டு. டவுன் சிண்ட்ரோம் இல்லாத சில பிரெஞ்சுக் குடும்பங்களில் ஏ.பி.பி ஜீன் மட்டும் கூடுதலாக இருந்தது. அவர்களுக்கு இளம் வயதிலேயே அல்சைமர் வந்ததை 2006-ல் கண்டறிந்தார்கள். இதற்கு நேர்மாறாக, டவுன் சிண்ட்ரோம் இருந்தும் ஏ.பி.பி மட்டும் வழக்கம்போல இரண்டாகவே இருந்த ஒரு பெண்மணிக்கு 78 வயதிலும் அல்சைமர் இல்லை. இது 1998-ல் பதிவானது.

முன்பு ஏன் இது பேசப்படவில்லை?

1980-களின் தொடக்கத்தில் மேலை நாடுகளிலேயே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான். இதய அறுவை சிகிச்சையும் நல்ல கவனிப்பும் வந்த பிறகு, அங்கே அது 60-ஐத் தொட்டிருக்கிறது. நல்ல செய்திதான். கூடவே முதுமையின் நோய்களும் வருகின்றன.

40 வயதுக்குள் இவர்களில் கிட்டத்தட்ட எல்லோருடைய மூளையிலும் அமிலாய்டு படிந்துவிடுகிறது. ஆனா, படிவு இருப்பது வேறு, மறதி தொடங்குவது வேறு. நோய் பெரும்பாலும் 50-களில்தான் வெளியே தெரிகிறது. சிலருக்கு 40-களிலேயே. மற்றவர்களுக்கு இது பொதுவாக 65-க்கு மேல் வரும் நோய் என்பதை நினைவில் வையுங்கள்.

எதைக் கவனிக்கணும்?

இங்கே அல்சைமர் மறதியோடுதான் ஆரம்பிக்கும் என்றில்லை. பல நேரம் குணம்தான் முதலில் மாறும். வருஷா வருஷம் மாங்கனித் திருவிழாவுக்கு முதல் ஆளாகக் கிளம்பும் சித்தப்பா, இந்த ஆனியில் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘வயசாகுதுல்ல, அடம் பிடிக்கிறான்’ என்று கடந்துபோவது சுலபம். அங்கேதான் தவறுகிறோம்.

* தானாகச் செய்துவந்த வேலையைப் பாதியில் விடுவது. உதாரணம்: சட்டை பொத்தான், பல் தேய்ப்பது.
* பேச்சு குறைவது, தெரிந்த பெயர்கள் மறப்பது.
* பழகிய தெருவில் வழி தடுமாறுவது, படி இறங்கப் பயப்படுவது.
* இதுவரை இல்லாத வலிப்பு. இது வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

அவசரப்பட்டு ‘அல்சைமர்’ என்று முடிவுகட்ட வேண்டாம்!

இதே அறிகுறிகளைத் தரும், ஆனால் சரிசெய்யக்கூடிய பிரச்னைகளும் இவர்களுக்கு அதிகம். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, கண்புரை, காது கேளாமை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, வைட்டமின் பி-12 குறைவு. பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் திரும்பாதவருக்கு மறதி இல்லாமல், காதில் அழுக்கு மட்டும் அடைத்திருக்கலாம். அதனால் ரத்தப் பரிசோதனை, கண், காது இவைதான் முதல் படி.

இதற்குக் காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கலாம். நரம்பியல், மனநல மருத்துவர்களின் கருத்து தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர் போகணும். சிதம்பரம், கடலூர் தாண்டி நீண்ட பயணம். அதனால் பழைய ரிப்போர்ட்டுகள், மாத்திரைச் சீட்டுகள், தினமும் கூட இருப்பவர் ஒருவர், இவை மூன்றும் உடன் இருந்தால் அலைச்சல் குறையும்.

அல்சைமர் என்று உறுதியானால், அதை முழுசா குணமாக்க மருந்து இல்லை. அறிகுறிகளைத் தணிக்கவும் வலிப்பைக் கட்டுப்படுத்தவும் மருந்துகள் உண்டு. வீட்டில் மாறாத தினசரி அட்டவணை, நல்ல வெளிச்சம், வழுக்காத தரை, சின்னச் சின்ன வாக்கியங்களில் பேச்சு... இவை பெரிய ஆறுதல்.

இன்னொன்று. இவர்களுக்கு 50 வயதாகும்போது அம்மா, அப்பாவுக்கு 75, 80 ஆகியிருக்கும். அடுத்து பொறுப்பு யாருக்கு என்பதைக் குடும்பமே உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன்படி, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழு மூலம் சட்டப்படியான காப்பாளரை நியமிக்கலாம். அதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை

அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கு வழக்கமான ஞாபகசக்தித் தேர்வுகள் சரியாகப் பொருந்தாது. அவரை அவருடைய பழைய நிலையோடுதான் ஒப்பிட முடியும். அந்தப் பழைய நிலைக்கு ஆதாரம் எங்கே இருக்கு? உங்கள் போனில் இருக்கலாம்!

அவருக்கு 30, 35 வயது ஆனதுமே, அவர் டீ போடுவது, சட்டை மாட்டுவது, வீட்டில் எல்லோர் பெயரையும் சொல்வது, மாடிப்படி இறங்குவது எல்லாவற்றையும் அவர் சம்மதத்தோடு 5 நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அதையே திரும்ப எடுங்கள். ஸ்டேட்டஸில் போட வேண்டாம், பத்திரமாகச் சேமித்தால் போதும். மாற்றம் எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்கும் நாளில், பதில் உங்கள் கையில் இருக்கும்.