சாவி இல்லாத கார்: வசதியா, வில்லங்கமா?

கார் என்றால் சாவி, சாவி என்றால் கார். ஒரு தலைமுறைக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. ரப்பர் தோட்டக் காலத்தில் காரில் வந்தவர் துரை. கிராணியாருக்கு மோட்டார் சைக்கிள் இருந்தாலே பெரிய விஷயம். பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கால்நடைதான். அந்தத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இன்று மலாக்கா குருபோங்கிலும் செங்கிலும் வீடமைப்புப் பகுதிகளில் குடியிருக்கிறார்கள். வீட்டு முகப்பில் கார் நிற்கிறது. ஆனால் அதை ஓட்ட யாரும் சாவியைத் திருப்புவதில்லை. சட்டைப்பையில் ரிமோட் இருக்கிறது. கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கிறது, பொத்தானை அழுத்தினால் இயந்திரம் உறுமுகிறது.

இந்த மாற்றம் வசதியா, வில்லங்கமா? இரண்டு பக்கமும் வாதங்கள் உண்டு. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், சாவி எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது என்ற வரலாற்றைப் பார்ப்பது நல்லது. அந்த வரலாற்றில் நம் நாட்டில் சிந்திய இரத்தமும் இருக்கிறது.

சாவிக்கு முன்பே பிறந்த பொத்தான்

முதல் கார்களுக்கு சாவியே கிடையாது. காரின் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகி, வலிமையுள்ள ஒருவர் சுழற்ற வேண்டும். இயந்திரம் பின்னோக்கி உதைத்தால் கைப்பிடியும் திரும்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர். இந்தத் துன்பத்துக்கு முடிவு கட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அவர் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. காலாலோ கையாலோ ஒரு விசையை அழுத்தினால் போதும், இயந்திரம் ஓடத் தொடங்கும்.

ஆக, பொத்தானை அழுத்திக் காரைக் கிளப்புவது புதுமையே இல்லை. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் பழக்கம்தான் பிந்தி வந்தது. 1949ஆம் ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனம் மின்சாரத்தைத் திறக்கும் வேலையையும் இயந்திரத்தைக் கிளப்பும் வேலையையும் ஒரே சாவியில் சேர்த்தது. மலாயாவில் ஓடிய பழைய மோரிஸ் மைனர் கார்களில் சாவியால் மின்சாரத்தைத் திறந்துவிட்டு, தனியாக ஒரு பிடியை இழுத்தால்தான் வண்டி கிளம்பும். மூத்தவர்கள் சிலருக்கு இது நினைவிருக்கும்.

அதற்குப் பிறகு சாவி மெல்ல மெல்லக் காரின் காவல்காரனாக மாறியது. 1970 முதல் அமெரிக்காவில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. சாவியை எடுத்துவிட்டால் இயந்திரம் வழக்கமான முறையில் இயங்கக்கூடாது. அதோடு ஸ்டீயரிங்கோ வண்டியின் ஓட்டமோ பூட்டிக்கொள்ள வேண்டும் என்றது அந்த விதி. சாவி கையில் இருந்தால் கார் நிற்கிறது, இயந்திரம் அணைந்திருக்கிறது, வண்டி நம்முடையது என்று பொருள். இந்த மூன்று செய்திகளையும் ஓர் இரும்புத் துண்டு சொல்லிக்கொண்டிருந்தது.

காற்றில் பறந்த சாவி

1980களின் தொடக்கத்தில் பிரான்சின் ரெனோ நிறுவனம் தன் பூவேகோ காரில் தூரத்திலிருந்தே கதவைத் திறக்கும் ரிமோட்டைக் கொண்டுவந்தது. தொலைக்காட்சி ரிமோட் போல அது அகச்சிவப்புக் கதிரால் வேலை செய்தது. பிறகு வந்தவை வானொலி அலைக்கு மாறின. தொடக்க கால ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே இரகசிய எண்ணை அனுப்பின. அதை ஒளிந்திருந்து பதிவு செய்த திருடன் மறுபடி ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடும். எனவே அழுத்துகிற ஒவ்வொரு முறையும் எண் மாறுகிற முறை வந்தது.

அடுத்து வந்தது இம்மொபிலைசர் என்ற இயந்திர முடக்கி. சாவியின் தலைக்குள் அரிசி மணி போன்ற ஒரு சிறு சில்லு. சரியான சில்லு பதில் சொல்லாவிட்டால் கம்பிகளை எப்படி இணைத்தாலும் இயந்திரம் ஓடாது. 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது. நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான நிலவரத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் இருவர், இந்தக் கருவியால் கார்த் திருட்டு சராசரியாக 40 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். சில காசு பெறுமான சில்லு ஒன்று செய்த காவல் வேலை இது.

அதே 1998ல் அறிமுகமான மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் வரிசையில், சாவியைக் கையில் எடுக்கவே வேண்டாத முறை வந்தது. மெல்லிய அட்டை ஒன்று பையில் இருந்தால் போதும். கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்கு மட்டும் எட்டுகிற ஓர் அலையை அனுப்பி "யார் நீ?" என்று கேட்கிறது. பையிலுள்ள சாவி இரகசியக் கணக்குப் போட்டுப் பதில் அனுப்புகிறது. பதில் சரி என்றால் கதவு திறக்கிறது.

இந்த மின்னணு உலகம் மலாக்காவுக்கு அந்நியமானதன்று. பத்து பெரெண்டாம் தடையற்ற வாணிப வளாகத்தில் 1973ல் சீமென்ஸ் தொடங்கிய ஆலைதான் 1999 முதல் இன்பினியோன் என்ற பெயரில் இயங்குகிறது. கார்களுக்கான சில்லுகளைத் தயாரிப்பதில் உலகின் முன்னணி நிறுவனங்களுள் அது ஒன்று. விடியற்காலையில் ஆலைப் பேருந்து ஏறி மின்னணு ஆலைகளுக்குப் போன தோட்டத்துப் பெண்களின் கதை நம் சமூகத்தின் கதை. அலோர் காஜா மாவட்டத்தின் பெகோவில் 2003 முதல் ஹோண்டா கார்கள் பூட்டப்படுகின்றன. ஒரு காலத்தில் கோடீஸ்வரர் கார்களுக்கு மட்டும் இருந்த வசதி, 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவியில் எல்லா வகைகளுக்கும் கிடைத்தது. அதோடு, சாவியில்லாக் கார் சாதாரணக் குடும்பத்தின் காராகிவிட்டது.

வசதி என்பவர்களின் வாதம்

வசதி என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொட்டும் மழையில், ஒரு கையில் குழந்தை, மறு கையில் சந்தைப் பை. அந்த நேரத்தில் கைப்பைக்குள் சாவியைத் துழாவ வேண்டியதில்லை. முடக்குவாதத்தால் விரல் மடங்காத முதியவர்களுக்குச் சாவியைத் திருப்புவது ஒரு சித்திரவதை. பொத்தானை அழுத்துவது எளிது. இருட்டிய வாகன நிறுத்துமிடத்தில் தனியாக நடந்து வரும் பெண், கதவருகே நின்று தாமதிக்காமல் உடனே உள்ளே ஏறிக்கொள்ளலாம்.

பாதுகாப்பிலும் அவர்களுக்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் 2021, 2022ஆம் ஆண்டுகளில் ஹியுண்டாய், கியா கார்கள் ஏராளமாகத் திருடு போயின. திருடும் விதத்தை இளைஞர்கள் சமூக ஊடகங்களில் காணொளியாகவே போட்டார்கள். அப்படிச் சிக்கியவை பழைய பாணியில் சாவி திருப்பும் கார்கள். விலை குறைந்த அந்த வகைகளில் பலவற்றில் இம்மொபிலைசர் பொருத்தப்படவில்லை. பொத்தானால் கிளம்பும் வகைகளில் அந்தக் கருவி இருந்ததால் அவை தப்பின. சாவி இருப்பதாலேயே கார் பத்திரம் என்று சொல்லிவிட முடியாது.

விரலே சாவியான போது

வில்லங்கம் என்பவர்கள் எடுத்து வைக்கும் முதல் சாட்சி நம் நாட்டிலிருந்தே வருகிறது. 2005 மார்ச் மாதம், கோலாலம்பூர் புறநகர் ஒன்றில் கணக்காளர் ஒருவர் தன் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் ஏறப் போனார். அவருடைய கார் கைரேகை வைத்தால்தான் கிளம்பும். பாராங் கத்தியுடன் வந்த கும்பல் அவரை மடக்கி, அவருடைய விரலை வைக்கச் செய்து காரைக் கிளப்பி, அவரையும் ஏற்றிக்கொண்டு போனது. பிறகு காரை மறுபடி கிளப்ப வேண்டியிருந்தபோது கார் மறுத்தது. கும்பல் அவருடைய ஆள்காட்டி விரலின் நுனியை வெட்டி எடுத்துக்கொண்டு, அவரைச் சாலையோரம் விட்டுச் சென்றது. இந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவியது.

காரைப் பாதுகாக்க வந்த கருவி, காரின் உரிமையாளரை ஆபத்தில் தள்ளியது. சாதாரணச் சாவியாக இருந்திருந்தால் அதை வீசி எறிந்துவிட்டு உயிரோடும் உடம்போடும் வீடு திரும்பியிருக்கலாம். கொடுத்துவிட்டுத் தப்ப முடிகிற ஒரு பொருள் என்பதே சாவியின் பெருமை. விரலை அப்படிக் கொடுக்க முடியாது. கார் பூட்டு பலமாகும்போது திருடன் பூட்டை விட்டுவிட்டு மனிதனைத் தேடி வருவான். அந்த விரல் உலகத்துக்குச் சொன்ன பாடம் இது.

சாவி வீட்டுக்குள், கார் வெளியே

இரண்டாவது சாட்சி சுவிட்சர்லாந்திலிருந்து வருகிறது. 2011ல் சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 வகைக் கார்களைச் சோதித்தார்கள். பத்தும் தோற்றன. இரகசியக் கணக்கை அவர்கள் உடைக்கவே இல்லை. சாவிக்கு அருகில் ஓர் அன்டெனா, காருக்கு அருகில் ஓர் அன்டெனா வைத்து, நடுவே அலையைக் கடத்தினார்கள். தூரத்திலிருந்த சாவி பக்கத்திலேயே இருப்பதாக நம்பிய கார், கதவையும் திறந்து இயந்திரத்தையும் இயக்கியது.

ஆய்வுக்கூடத்தில் நடந்தது பிறகு தெருவிலும் நடந்தது. 2017ல் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீசார் ஒரு காணொளியை வெளியிட்டார்கள். இரவில் இருவர் வருகிறார்கள். ஒருவர் வீட்டுச் சுவரோரம் பெட்டி போன்ற கருவியைப் பிடித்து நிற்கிறார், மற்றவர் காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். சுமார் ஒரு நிமிடத்தில் கார் போய்விடுகிறது. கண்ணாடி உடையவில்லை, அலாரம் அலறவில்லை. நம் ஊர் வரிசை வீடுகளை நினைத்துப் பாருங்கள். கூடத்துச் சுவரில் சாவி மாட்டியிருக்கும், அதற்கு அடுத்த சில அடியில் கார் நிற்கும்.

சத்தமில்லாத ஆபத்து

மூன்றாவது சாட்சி திருட்டைப் பற்றியதே அன்று. பழைய சாவியை உருவினால் இயந்திரம் நின்றுவிடும். நிற்காமல் சாவி கைக்கு வராது. பொத்தான் காரில் அந்த உறவு அறுந்துவிட்டது. ரிமோட்டைப் பையில் போட்டபடி, இயந்திரம் ஓடுவது தெரியாமல் இறங்கிப் போய்விடலாம். இன்றைய இயந்திரங்களின் சத்தமும் குறைவு. அமெரிக்காவில் வீட்டோடு ஒட்டிய மூடிய கராஜில் இப்படி ஓடவிடப்பட்ட கார்களின் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவால் 2006 முதல் 28 பேராவது இறந்ததாக 2018ல் நியூயார்க் டைம்ஸ் கணக்கெடுத்தது. அவர்களில் பலர் முதியவர்கள். தொயோத்தா நிறுவனம் 2020 வரிசை முதல் அங்கே தானாக அணையும் வசதியைச் சேர்ப்பதாக அறிவித்தது. 2021ல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டமும் அத்தகைய விதியைக் கோரியது.

நம் வீட்டு முகப்புகள் பெரும்பாலும் திறந்தவை என்பதால் நச்சுவாயு ஆபத்து இங்கே குறைவு. ஆனால் வேறொரு தொல்லை உண்டு. கணவர் ரிமோட்டைப் பையில் வைத்தபடி ஆயர் குரோவில் இறங்கிக்கொள்கிறார். மனைவி ஓடிக்கொண்டிருக்கும் காரை அப்படியே கோலாலம்பூர் நோக்கி ஓட்டுகிறார். கார் எச்சரிக்கை ஒலி எழுப்பினாலும் வழியில் நிற்காது. ஓய்வுத்தளத்தில் இயந்திரத்தை அணைத்த பிறகுதான் மறுபடி கிளம்பாது. சாவியோ மலாக்காவில்.

தீர்ப்பு என்ன?

வசதி உண்மை, ஆபத்தும் உண்மை. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் ஒன்று புலப்படும். பொத்தானால் வந்த ஆபத்துகள் எல்லாம், பழைய சாவி சத்தமில்லாமல் செய்துவந்த ஏதோ ஒரு வேலையை மறந்ததால் வந்தவை. உரிமையாளர் பக்கத்தில் இருக்கிறார் என்பதைச் சாவி உறுதி செய்தது. இயந்திரம் அணைந்தது என்பதை உறுதி செய்தது. அபாய நேரத்தில் கொடுத்துவிட்டு ஓடவும் வழி விட்டது.

மறந்ததை நிறுவனங்கள் இப்போது ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்க்கின்றன. அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும் சாவிகள் வந்துள்ளன. அலை போய்த் திரும்பும் நேரத்தை அளந்து, சாவி உண்மையிலேயே அருகில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் முறையும் வந்துள்ளது. எவ்வளவு பலமான அன்டெனா வைத்தாலும் அந்த நேரத்தைக் குறைக்க முடியாது.

இந்த வசதி இல்லாத கார் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை எளிது. இரவில் சாவியை வாசலிலிருந்து தள்ளி வையுங்கள். அலையைத் தடுக்கும் உறையில் போட்டு, அதைக் காருக்கு அருகே கொண்டுபோய், கதவு திறக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பரணில் தூசி படிந்து கிடக்கும் ஸ்டீயரிங் பூட்டை எடுத்து மாட்டுங்கள். காற்றில் வரும் திருடனை அந்த இரும்புக் கம்பி தாமதப்படுத்தும். இறங்குவதற்கு முன் இயந்திரம் அணைந்ததா என்று காதால் கேட்டு, கண்ணால் பாருங்கள். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சிறு இரும்புச் சாவி எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டி வையுங்கள். மின்கலம் தீர்ந்த அன்று அதுதான் கைகொடுக்கும்.

கத்தியோடு யாராவது எதிரில் வந்தால் ரிமோட்டைக் கொடுத்துவிடுங்கள். கார் போனால் இன்னொன்று வாங்கலாம். அந்தக் கணக்காளருக்குக் கொடுத்துவிட்டுத் தப்பும் வாய்ப்பு இருக்கவில்லை. ரிமோட் வைத்திருப்பவருக்கு அது இருக்கிறது.