எண்ணில் நின்ற இசை



இறம்பொடை மலைச்சாரலிலே, பகலெல்லாம் கொழுந்து கொய்து களைத்தோர் லயத்துக்கு மீண்ட பின்னர், ஏதேனும் ஒரு வாசலிலிருந்து கிற்றார் ஒலி எழுவதுண்டு. வாசிக்கும் இளைஞர் மூன்றே கோர்டுகளால் பாட்டு முழுவதையும் நடத்திச் செல்வார். பாடுபவர், "தம்பி, சுருதி எட்டவில்லை, சற்று இறக்கிப் பிடி" என்றதும் விரல்கள் நின்றுவிடும். பாட்டு அவருக்குத் தெரியும். ஆனால் விரல் வைக்கும் இடங்களாகவே தெரியும். இவ்விடரை நீக்க இசையுலகம் எண்ணை நாடிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு எண்ணிட்டு வழங்குதல் புதிதன்று. 'ஐந்தாம் நம்பர் மலை' என்றால் எந்தத் தோட்டத்து மலை என்று கேட்போம். தோட்டம் தெரிந்தபின் இடம் விளங்கும். இசையில் அத்தோட்டத்தின் நிலையில் இருப்பது சுருதி. அதனை வரையறுத்தபின், ஒவ்வொரு சுரத்துக்கும் அதிலிருந்து எண்ணிப் பெறும் ஓர் எண் அமைகிறது.

இவ்வாறு எண்ணுதலைப் பண்டைத் தமிழரும் அறிந்திருந்தனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு நரம்புகளுக்குப் பெயரிட்டதோடு அவர்கள் அமையவில்லை. நின்ற நரம்பிலிருந்து எண்ணி, நான்காவதை 'நட்பு' என்றும் ஐந்தாவதைக் 'கிளை' என்றும் வழங்கினர். சிலப்பதிகார உரையில் காணும் இத்தகைய இசைச் செய்திகளை ஆராய்ந்து, ஈழத்துக் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் 1947ஆம் ஆண்டில் 'யாழ் நூல்' என்னும் அரிய நூலை வெளியிட்டார். நம் முன்னோர் கூறியது தனிச்சுரங்களின் உறவையே. பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் கோர்டு மேனாட்டார் வளர்த்த முறை. எனினும், பெயரினும் உறவே பெரிதென்னும் கருத்து இரண்டிற்கும் பொது.

பிரான்சு தேசத்து இராமோ என்பார் 1722இல் வெளியிட்ட நூலில், சுரங்களின் வரிசை மேல்கீழாக மாறினும் கோர்டின் அடிச்சுரம் ஒன்றே என விளக்கினார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செருமானியராகிய வோக்லர் கோர்டுகளை உரோம எண்களாற் குறித்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கொட்பிரீட் வேபர் மேஜர் கோர்டுக்குப் பெரிய எழுத்தும் மைனருக்குச் சிறிய எழுத்தும் வைத்து அம்முறையைத் திருத்தமுறச் செய்தார்.

முறை எளிது. மேஜர் வரிசையின் ஒவ்வொரு சுரத்தையும் ஒன்றெனக் கொண்டு, அதனோடு மூன்றாவதையும் ஐந்தாவதையும் சேர்த்தால் ஒரு கோர்டு பிறக்கும். அவ்வாறு பிறப்பனவற்றுள் 1, 4, 5 ஆகியவை மேஜர், 2, 3, 6 ஆகியவை மைனர், 7 டிமினிஷ்ட். சி சுருதியில் 1, 4, 5 என்பவை சி, எஃப், ஜி. ஏ சுருதிக்கு இறக்கினால் அவையே ஏ, டி, ஈ ஆகும். பெயர்கள் மாறின, எண்கள் மாறவில்லை. நம் நட்பும் கிளையும் நின்ற நான்காம், ஐந்தாம் இடங்களே இங்கும் முதலிடத்துக்கு உற்ற துணையாய் நிற்பது கருதத்தக்கது.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலே, 1950களின் பிற்பகுதியில், ஜோர்டனேர்ஸ் குழுவைச் சேர்ந்த நீல் மாத்யூஸ் எண்களைக் கொண்டு பாட்டுகளைக் குறித்துக்கொண்டார். சார்லி மக்கோய் முதலிய வாத்தியக்காரர் அதனைப் பரப்பினர். பாடகர் சுருதியை மாற்றினாலும் தாளைத் திருத்தி எழுத வேண்டிய தொல்லை ஒழிந்தது.

நம் இறம்பொடை இளைஞரும் தம் பாட்டை 1, 4, 5 என எழுதி வைத்துக்கொள்வாராக. விலையுயர்ந்த கருவியோ பெரிய கல்லூரியோ இதற்கு வேண்டுவதில்லை. ஏழுவரை எண்ணத் தெரிந்தாற் போதும். பின்னர், "இறக்கிப் பிடி" என்று கேட்பவர் குரலுக்கு இசைய அவர் விரல்கள் தாமே இடம் பெயரும். பாட்டும் இடையில் நில்லாது.